ஜீவனஹள்ளியின் கொதிநிலை

பஞ்சு சுற்றிய அட்டைக் குழாய்க்குள் வந்தது அந்தத் தெர்மாமீட்டர். எங்கள் பள்ளிக்கு வந்த முதல் ஆய்வுக்கூடச் சாமான் அதுதான். ஆய்வுக்கூடம் என்று ஒன்று கிடையாது என்பது வேறு விஷயம். அறிவியல் டீச்சர் அதை மெல்ல உருவி எடுத்தபோது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். "யாரும் தொடாதீங்க, மூச்சு மட்டும் விடுங்க" என்றார் டீச்சர். கேலிக்குச் சொன்னதை நம்பி நாலைந்து பேர் நிஜமாகவே அதன்மேல் ஊதினார்கள்.

நான் அதே பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். பெங்களூர் ஜீவனஹள்ளியில் சந்துக்குள் இருந்த சின்னப் பள்ளி அது. ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் நடுவே ஒரு மரத்தட்டிதான் சுவர். இந்தப் பக்கம் நான் செய்யுள் நடத்த, அந்தப் பக்கம் டீச்சர் நெம்புகோல் நடத்துவார். எனக்கும் அறிவியலுக்கும் ஏழாம் பொருத்தம். பள்ளியில் படித்த காலத்தில் அந்தப் பாடத்தில் தப்பிப் பிழைத்ததே பெரிய பாடு. ஆனாலும் அந்த வருஷம் என் காது பாதி நேரம் தட்டிக்கு அந்தப் பக்கமேதான் இருந்தது.

டீச்சர் கோலார் தங்கவயலில் இருந்து தினமும் ரயிலில் வந்து போனார். விடிவதற்குள் கிளம்பி, ஈஸ்ட் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து நடந்து வருவார். என்னைவிட வயதில் சின்னவர் என்பதால் "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். அவருடைய அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போது ஓயாமல் அடிபட்டுக்கொண்டிருந்தது. வீடே இவருடைய வேலையைத்தான் நம்பியிருந்தது. அந்த வேலையும் தற்காலிகம்தான். வருஷக் கடைசியில் கல்வி அதிகாரி வந்து ஒரு பாடத்தைப் பார்ப்பார், அவர் நல்லபடியாக எழுதிக்கொடுத்தால் நிரந்தரம் செய்வோம் என்று தாளாளர் சொல்லியிருந்தார்.

தெர்மாமீட்டர் வந்த அன்றே பம்ப் ஸ்டவ் பற்றவைத்து, தண்ணீர் கொதிக்கவைத்தார்கள். நூறு டிகிரியில் கொதிக்கும் என்பது புத்தகத்தில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதைக் கண்ணால் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். பாதரசம் விறுவிறுவென்று ஏறி, தொண்ணூற்றேழில் போய் நின்றது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பாதரசம் அசையவில்லை. "ஸ்டவ்வுக்கு இன்னும் காத்து அடிங்கடா" என்று ஒரு பையன் கத்த, ஆள் மாற்றி ஆள் பம்ப் அடித்தார்கள். தண்ணீர் பாதியாக வற்றியதே தவிர, நூறு வரவில்லை.

தெர்மாமீட்டரில்தான் கோளாறு என்று டீச்சர் கடையில் கொடுத்து மாற்றி வந்தார். புதியதும் தொண்ணூற்றேழையே காட்டியது. அப்புறம் சந்தேகம் தண்ணீர்மேல் போயிற்று. பெங்களூர்க்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் தண்ணீர்மேல்தான் சந்தேகம். சோறு குழையவில்லையா, தலைமுடி கொட்டுகிறதா, போர் தண்ணீர்தான் காரணம். பள்ளியில் வந்தது போர் தண்ணீர். "காவேரித் தண்ணின்னா கரெக்டா கொதிக்கும் மிஸ்" என்று வகுப்பு லீடர் பெண் அடித்துச் சொன்னாள். மறுநாள் ஆளுக்கொரு பாட்டிலில் தண்ணீர் வந்து இறங்கியது. காவேரி, போர், லாரித் தண்ணீர், வேளாங்கண்ணியிலிருந்து ஒரு வீட்டில் பத்திரமாக வைத்திருந்த மாதா தண்ணீர்கூட. தட்டியின் இடுக்கில் நானும் என் ஆறாம் வகுப்பும் கண்ணை வைத்துக்கொண்டோம். எல்லாத் தண்ணீரும் ஒன்றுபோலத் தொண்ணூற்றேழிலேயே கொதித்தது.

விடையை டீச்சரே கண்டுபிடித்தார். ரயிலில் மேல்வகுப்புப் புத்தகம் ஒன்றைப் புரட்டும்போது, கடல் மட்டத்தில்தான் நூறு, உயரம் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், கொதிநிலையும் குறையும் என்று படித்திருக்கிறார். பெட்டியில் எல்லோர் முன்பும் "அட!" என்று கத்திவிட்டாராம். வகுப்பில் சொன்னதும் பிள்ளைகள் நம்பவில்லை. "அப்போ நாம மலை மேலயா இருக்கோம் மிஸ்?" என்று லீடர் கேட்டாள். ஜீவனஹள்ளிச் சந்துகளில் சாக்கடை ஓடுகிற அளவுக்குக்கூடச் சரிவு கிடையாது. "மலை மாதிரி தெரியாத மலை. மெட்ராஸ் கடல் நமக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் கீழே கிடக்கு" என்றார் டீச்சர். பிறகு சிரித்துக்கொண்டே, "நூறு பாக்கணும்னா எங்கப்பாகூடத்தான் சுரங்கத்துக் கேஜுல எறங்கணும். ஷாப்டுல பாதிகூடப் போகவேணாம், கடல் மட்டம் வந்துடும். அவரு தினமும் கடலுக்கும் கீழ போயிட்டுத்தான் வீட்டுக்குச் சாப்பிட வந்தாரு" என்றார். அன்று மாலை பள்ளி விட்டதும் பிள்ளைகள் தெருவில் மெதுவாக, உயரத்தில் நடப்பவர்களைப்போலக் காலை அழுத்தி வைத்து நடந்தார்கள். இன்று எலெக்ட்ரானிக் சிட்டியில் மகன் வீட்டில் பதினோராம் மாடியில் இருக்கிறேன். அன்று அந்தச் சந்தில் உணர்ந்த உயரத்தை இங்கே நான் உணர்ந்ததில்லை.

அதிகாரி வரும் நாள் நெருங்கியது. கொதிநிலைப் பாடத்தையே நடத்துவதாக டீச்சர் சொன்னதும் தலைமையாசிரியருக்குக் கலக்கம். "வேற பாடம் எடும்மா. இல்லன்னா நூறுன்னே சொல்லிட்டுப் போயேன். புத்தகத்துல அப்படித்தான இருக்கு? இந்த ஒரு பாடத்துலதான் உன் வேலையே இருக்கு" என்றார். அவர் கெட்டவர் இல்லை, டீச்சரிடம் நிஜமான அக்கறை உள்ளவர். ஆனால் அவருக்கு மெதுவாகப் பேச வராது. வராந்தாவில் சொன்னது ஏழாம் வகுப்பு முழுக்கக் கேட்டுவிட்டது. டீச்சரின் வேலை இதில்தான் தொங்குகிறது என்பது அன்றுதான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

அதிகாரி கன்னடக்காரர், தமிழும் பேசுவார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார். எனக்கு அந்த வேளை வகுப்பில்லை, தலைமையாசிரியரோடு வாசலில் நின்றேன். ஸ்டவ் எரிந்தது, தண்ணீர் கொதித்தது. லீடர் பெண் முன்னால் வந்து குனிந்து தெர்மாமீட்டரைப் பார்த்தாள். நிமிர்ந்து, தெளிவான குரலில், "நூறு டிகிரி மிஸ்" என்றாள். வகுப்பு மொத்தமும் "நூறு மிஸ்" என்று பின்பாட்டுப் பாடியது. பேசி வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். அதிகாரி தலையசைத்து எழுதக் குனிந்தார். தலைமையாசிரியர் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார். மறைப்பானேன், நானும்தான் விட்டேன்.

டீச்சர் மட்டும் அசையாமல் நின்றார். அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. பேசாமல் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம். அவர் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, "இன்னொருவாட்டி பாரும்மா. கண்ணுக்கு நேரா வெச்சுப் பாரு. என்ன தெரியுதோ அதையே சொல்லு" என்றார். அவள் பார்க்கவே இல்லை. டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டு, உதடு துடிக்க, "தொண்ணூத்தேழு மிஸ்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

அதிகாரி எழுந்து வந்து தானே குனிந்து பார்த்தார். "ஹௌதா, அப்படியா?" என்றார். டீச்சர் காரணத்தைச் சொல்ல, பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம்மா. ஆனா பரீட்சையில நூறுன்னு எழுதினாத்தானே பிள்ளைகளுக்கு மார்க்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கிளம்பினார். பாடப்புத்தகத்துக்கு மாறாகக் கற்பிக்கப்படுகிறது என்று அவர் எழுதிக்கொடுத்ததாகத் தாளாளர் சொன்னார். வரும் வருஷத்துக்கு வேறு ஆளை எடுத்தார்கள். டீச்சர் கேட்டுக்கொண்டு, "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

சேதி பரவிய மறுநாளிலிருந்து லீடர் பெண் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலாம் என்றார்கள். டீச்சர் என்னிடம் வந்து, "அக்கா, அவ வீடு உங்களுக்குத் தெரியுமில்ல? கூட்டிட்டுப் போங்க" என்றார். ரயிலுக்கு நேரமாகிவிடும் என்றேன். அடுத்த ரயிலில் போய்க்கொள்கிறேன் என்றார். சாயங்காலம் இருவரும் போனோம். கார்மென்ட்ஸ் வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அம்மா, பதறிப்போய் முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "காச்சலெல்லாம் இல்ல டீச்சர். சாப்பிட மாட்டேங்குறா, என்னன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்குறா" என்றார். அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். டீச்சர் நாற்காலியை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

திரும்பாமலே அவள் கேட்டாள். "மிஸ், நான் நூறுன்னே சொல்லிட்டு நின்னிருந்தா உங்களுக்கு வேலை கெடச்சிருக்கும்ல?"

இல்லையம்மா, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டீச்சர் சொல்லுவார் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். டீச்சர், "கெடச்சிருக்கும்" என்றார்.

"தினமும் ரயிலேறி வந்து உன் முன்னாடி நின்னிருப்பேன். ஆனா என்னைப் பாக்குறப்பல்லாம், மிஸ்ஸுக்காக நாம ஒரு பொய் சொன்னோம், மிஸ்ஸும் பேசாம இருந்துட்டாங்கன்னு உனக்குத் தோணும். அதுக்கப்புறம் நான் என்ன சொல்லிக்கொடுத்தாலும் நீ நம்புவியா?"

அந்தப் பெண் முதல்முறையாகத் திரும்பி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் மனம் நோகுமே என்ற பயம் முகத்தில் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, யோசித்து, "மாட்டேன் மிஸ்" என்றாள்.

டீச்சருக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம்தான் அழுகை வந்தது. அவளை இழுத்துத் தோளோடு சேர்த்துக்கொண்டார். நான் பணி ஓய்வு பெறும்வரை எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். எல்லோரும் என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தார்கள். அப்படி ஒரு பதிலை எனக்கு ஒரு பிள்ளையும் சொன்னதில்லை.