கண்கலங்கிய நடுவர்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை முதலாளி அவர். நெற்றி நிறையத் திருநீறு. பேசும்போதே பொம்மைகளைச் சுண்டி விரிசல் தேடுவார். பட்டிமன்ற நடுவராக அமர்ந்து, "கருவைக் கலைப்பது கொலையே!" என்று கண்கலங்கித் தீர்ப்புரைத்தார். எதிரணியில் பேசித் தோற்றவன் நான்.

மறுவாரம் அவர் பட்டறைக்குச் சென்றேன். ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"சூளைச் சூடு தாங்கலிங்க மொதலாளி. பெயிண்ட் அடிக்கிற எடத்துல ஒக்கார வைங்க."

"முடியலன்னா வூட்டுல இரும்மா. வேற ஆளு இருக்குது."

"வயித்துல இருக்கறதும் உயிருதானங்க ஐயா?" என்றேன் நான்.

"அதுக்குக் கடவுள் இருக்காரு தம்பி. சூளைக்கு நான்தான இருக்கேன்?"

சொல்லிக்கொண்டே, கையிலிருந்த குழந்தைக் கண்ணன் பொம்மையைச் சுண்டிப் பார்த்து, உடையாதபடி வைக்கோல் சுற்றினார். அவள் சூளைக்குத் திரும்பினாள்.

அன்று மேடையில் அவர் வடித்த கண்ணீர் பொய்யில்லை. இன்றும் எனக்கு அருவருப்பூட்டுவது அதுதான்.