இந்தக் கையில் ஊசி வேண்டாம்

மதுரைக்குப் போய்ச் சிறுநீரக நோய் பற்றிப் பயிற்சி எடுத்து வரும்படி எங்கள் டாக்டர் சொன்னபோது, உத்தமபாளையத்தில் அவர் நடத்திய சிறிய மருத்துவமனையில் நான் தலைமை நர்ஸாக இருந்தேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. வார்டு, பிரசவ அறை, ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் என் பொறுப்பு. பயிற்சி, வகுப்பு என்பதெல்லாம் புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"நான் போனா இங்க நோயாளிகள யாரு பாக்குறது? நீ போயிட்டு வா," என்றார் டாக்டர். "மதுரையில கிட்னி டாக்டருக என்னையப் போன்ல வையிறாக. உங்க பக்கத்து ஆளுக மூச்சு முட்டுனப்புறந்தான் வர்றாக, அதுவும் கையில ஒரு நரம்பு மிச்சமில்லாம வர்றாகன்னு. நம்ம எதை மாத்தணும்னு பாத்துட்டு வந்து சொல்லு."

மார்க்கையன்கோட்டையில் வீட்டையும் பிள்ளைகளையும் கணவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

அங்கே டயாலிசிஸ் பிரிவில் முதல் நாளே நான் பார்த்த நோயாளி எங்கள் பக்கத்துக்காரர். கம்பத்திலிருந்து மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்வந்த மேஸ்திரி. ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கு ரத்தத்தை எடுக்க வேண்டும் என்றால் கையில் நல்ல நரம்பு ஒன்று வேண்டும். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், ரத்தக் குழாய்கள் இரண்டைச் சின்ன ஆபரேஷன் செய்து இணைத்துவிடுவார்கள். அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். சில வாரங்களில் அந்த நரம்பு தடித்து உரம் ஏறும். பிறகு எத்தனை முறை ஊசி குத்தினாலும் தாங்கும். மேஸ்திரிக்கு அப்படி இணைக்க இரண்டு கையிலும் நரம்பே இல்லை. காய்ச்சலுக்கும் மயக்கத்துக்கும் ஊர் ஊராக டிரிப்ஸ் ஏற்றி எல்லாம் அடைத்துப்போயிருந்தன. கழுத்தில் குழாய் செருகித்தான் அவருக்கு டயாலிசிஸ் நடந்தது. அந்தக் குழாயில் சீழ் பிடித்துக் குளிர் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த கட்டிலில் ஃபிஸ்டுலா வைத்த ஒருவர் தினத்தாள் படித்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். தோலுக்கு அடியில் ரத்தம் விர்ரென்று ஓடுவது என் விரல்களுக்குத் தெரிந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நோய். ஒருவருடைய கையைக் காப்பாற்றியிருக்கிறார்கள், இன்னொருவருடைய கையைக் காப்பாற்றவில்லை. இதை ஊரில் போய் மாற்ற முடியும் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. ஊசி போடுகிறவர்கள் டாக்டர்கள் இல்லை. நாங்கள்தான்.

திரும்பி வந்து டாக்டரிடம் சொன்னேன். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்குச் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதை நிறுத்தச் சொல்ல வேண்டும். கிரியாட்டினின் ஏறத் தொடங்கியவர்களுக்கு, எழுதாத கையில் யாரும் ஊசி குத்தக் கூடாது, பின்னால் ஃபிஸ்டுலா வைக்க அந்தக் கை வேண்டும்.

"நம்ம ஆஸ்பத்திரியில செஞ்சுருவோம். அவுக சின்னமனூர்ல போய்ப் படுத்தா?" என்று கேட்டார்.

"அங்க இருக்கிற நர்ஸுகளுக்கும் சொல்லணும் சார்."

"அப்பக் கூப்புட்டுச் சொல்லு."

அப்படித்தான் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் மருத்துவமனை மாடியில் வகுப்பு தொடங்கியது. கம்பம், சின்னமனூர், தேனி என்று பல ஊர்களிலிருந்தும் நர்ஸுகள் வந்தார்கள். முதல் வகுப்பில் சிறுநீரகத்தின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, நோயின் ஐந்து நிலைகளையும் விளக்கினேன். நன்றாகத்தான் பேசினேன். ஆனால் சாப்பிட்டுவிட்டு வந்த கூட்டம். கண்கள் சொருகின. கடைசியில் தேனியிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் எழுந்தாள். வேலையில் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருக்கும்.

"அக்கா, எல்லா ஆஸ்பத்திரியிலயும் இடது கையிலதான் டிரிப்ஸ் போடுறோம். அப்பத்தான் பேஷண்டு வலது கையால சாப்புட முடியும். அதைப் போய் மாத்துன்னா, எங்க டாக்டரு கேக்க மாட்டாகளா?"

நியாயமான கேள்வி. "கிட்னி கெட்ட ஆளுக்கு மட்டும் வலது புறங்கையில போடு. சாப்புட ஒரு ஸ்பூன் குடு. டாக்டர் கேட்டா காரணத்தச் சொல்லு," என்றேன். சிரித்தார்கள். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் மனதில் இறங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் டெய்லரம்மா வந்தார். கம்பத்தில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டு அம்மா. ஐம்பதைத் தாண்டிய வயது. கணவர் இறந்த பிறகு தையலிலேயே மகளைப் படிக்க வைத்துத் தேனியில் கட்டிக் கொடுத்திருந்தார். பல வருடமாகச் சர்க்கரை. கால் வீங்கிப் போய் வந்தவருக்குக் கிரியாட்டினின் பார்த்தால் ஏறியிருந்தது. மருந்தால் சில காலம் தள்ளலாம், பிறகு டயாலிசிஸ் வரும், அதற்கு முன்பே இடது கையில் ஆபரேஷன் செய்துகொள்வது நல்லது என்று டாக்டர் சொன்னார். டெய்லரம்மா மருந்துச் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, எழுந்து போய்விட்டார். அடுத்த மாதம் வரவில்லை.

நான் கம்பத்துக்கு அவர் கடையைத் தேடிப் போனேன். மெஷினில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே பேசினார்.

"கையை அறுக்கணும்னு சொல்லத்தான வந்துருக்க?"

"அறுக்குறது பெறகு. இப்ப அந்தக் கையப் பத்திரமா வச்சுக்கங்கன்னு சொல்ல வந்தேன்."

"இது துணியத் தள்ளுற கைம்மா. வலது கை கத்திரி புடிக்கும், சக்கரத்தத் திருப்பும், அம்புட்டுத்தான். தையல் நேரா வர்றது இந்தக் கையாலதான். இதைப் போயி ஒங்க மதுரை டாக்டருக்குக் குடுன்னா எப்படிக் குடுப்பேன்?"

அவர் ஏன் எழுந்து போனார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நோய்க்குப் பயந்து போகவில்லை. தொழில் போய்விடும் என்று நினைத்துவிட்டார்.

"கை போகாதும்மா. விரலு வேலை செய்யும், தைக்கலாம். கனமாத் தூக்கக் கூடாது, அந்தக் கையில பிரஷர் பாக்கக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. அம்புட்டுத்தான்."

"நீ பாத்தியா?"

"தொட்டே பாத்தேன். நீங்க மெஷின் மிதிக்கிறப்ப இந்தப் பலகையில கை வச்சா எப்படி அதிருது, அப்படி அதிரும்."

அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பலகையில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு மறுபடி மிதித்தார், கையை எடுக்காமல். "சரி. இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்தக் கையில ஊசி வேண்டாம்னு சொல்லணும்."

"மயங்கிக் கெடந்தா யாரு சொல்லுவா?"

அவர் காலடியில் கிடந்த துண்டுத் துணிகளைக் கிளறி, சிவப்பில் ஒரு பட்டையை எடுத்தார். தன் இடது மணிக்கட்டில் தளர்வாகச் சுற்றி அளவு பார்த்தார். மடித்துத் தைத்து, வெள்ளை நூலில் 'ஊசி வேண்டாம்' என்று எழுத்துப் போட்டு, ஒரு கொக்கியும் வைத்துவிட்டார். டீ வரவழைத்து நான் குடித்து முடிப்பதற்குள் பட்டை அவர் கையில் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அவரையே கூப்பிட்டேன். கரும்பலகையை அந்த முறை நான் தொடவில்லை. டெய்லரம்மா நாற்காலியில் உட்கார மறுத்து, நின்றபடியே பேசினார்.

"ஒங்களுக்கு இது ஒரு நரம்பு. எனக்கு இனிமே சோறு இதுதான், தொழுகையும் இதுதான், மக வீட்டுக்குப் போயி வர்றதும் இதுதான். அவசரம்னா ஒங்களுக்குக் கைக்கு வந்த நரம்புல குத்தத் தோணும். எனக்கு அது புரியுது. ஆனா ஒரு நிமிசம் இந்தத் துணியப் பாத்துட்டுக் குத்துங்க."

யாரும் தூங்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவரைச் சூழ்ந்துகொண்டு கையைப் பிடித்து நரம்பு எங்கே ஓடுகிறது என்று தடவிப் பார்த்தார்கள். எந்தெந்த நரம்பை விட்டுவைக்க வேண்டும் என்று அந்தக் கையிலேயே காட்டிக் கொடுத்தேன். தங்கள் மருத்துவமனைகளில் இப்படிப்பட்ட நோயாளிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பட்டை வேண்டும் என்று பலர் கேட்டார்கள். டெய்லரம்மா அடுத்த வாரமே ஒரு பை நிறையத் தைத்து அனுப்பினார்.

சில மாதம் கழித்து, ஒரு காலை நேரம், வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது தேனியிலிருந்து எனக்குப் போன் வந்தது. முதல் வகுப்பில் கேள்வி கேட்ட அதே பெண்.

"அக்கா, டெய்லரம்மா எங்க ஆஸ்பத்திரிக்கு வந்துருக்காக. மக வீட்டுக்கு வந்த எடத்துல வாந்தி, வயித்துப்போக்கு. பிரஷர் ரொம்ப எறங்கிருச்சு. டிரிப்ஸ் போட்டாச்சு, வலது புறங்கையில. நீங்க வர முடியுமா?"

டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தேனி போய்ச் சேரும்வரை பஸ்ஸில் எனக்கு நிலைகொள்ளவில்லை.

போனபோது டெய்லரம்மா கண் விழித்திருந்தார். பேசத் தெம்பில்லை. மகள்தான் நடந்ததைச் சொன்னார்.

"இந்தச் சிஸ்டர் வலது கையில ஒருக்காக் குத்தி நரம்பு கெடைக்கல. டாக்டரு, இடது கையில நல்லாத் தெரியுதே, அங்கன போடுன்னாக. நானும் எங்கயாச்சும் போடுங்கன்னு அழுதேன். இவுக துணியக் காட்டி, சார், இவுகளுக்கு டயாலிசிஸ் வரப்போகுது, இந்த நரம்பு வேணும், இன்னொரு தடவை பாக்குறேன்னு சொன்னாக. டாக்டரும் சரி பாருன்னாக. கையில சுடுதண்ணித் துணிய வச்சுத் தட்டித் தட்டிப் போட்டுட்டாக."

அந்தப் பெண் பக்கத்தில் நின்று உப்புநீர் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தாள். "ரெண்டாவது தடவையும் கெடைக்கலைன்னா என்ன செஞ்சுருப்ப?" என்று கேட்டேன்.

"இடது கையிலதான் போட்டுருப்பேன் அக்கா. உசிரு மொதல்ல இல்லையா. ஆனா கெடைக்கும்னு தெரியும்."

சரியான பதில். வகுப்பில் நான் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து அவளே யோசித்து வைத்திருந்தாள்.

டெய்லரம்மா பிழைத்தார். ஆனால் அந்த வயிற்றுப்போக்கு சிறுநீரகத்தை இன்னும் கொஞ்சம் கெடுத்துவிட்டது. மதுரையில் இனித் தள்ளிப்போட வேண்டாம் என்றார்கள். நானும் கூடப் போனேன். ஆபரேஷன் செய்த டாக்டர் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எந்த ஊரும்மா? நரம்பு இவ்வளவு சுத்தமா இருக்கு," என்று கேட்டார். கம்பம் என்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். உள்ளுக்குள் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

காயம் ஆறிய பிறகு கடைக்குப் போனபோது, டெய்லரம்மா கையை நீட்டினார். விரல் வைத்தேன். ஓடியது. "மெஷினு மாதிரி இல்ல. பூனையத் தடவுனா குர்ருகுர்ருங்குமே, அப்படி இருக்கு," என்று என்னைத் திருத்தினார். அதுதான் பொருத்தமான உவமை என்று அதற்குப் பிறகு எல்லா வகுப்பிலும் அதையே சொன்னேன்.

டயாலிசிஸ் தொடங்கிய நாளில் அவர் தன் காலால் நடந்து போய்க் கட்டிலில் படுத்தார். கழுத்தில் குழாய் இல்லை, காய்ச்சல் இல்லை. முதலில் மதுரைக்குப் போய்வந்தார். பிறகு தேனியிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் இயந்திரம் வந்தது. மகள் வீட்டில் தங்கிச் செய்துகொண்டு, மற்ற நாட்களில் கம்பத்தில் கடை திறந்தார். தையல் நேராகவே இருந்தது.

வகுப்பு மாடியை விட்டு வெளியே போகத் தொடங்கியது. ஒரு முறை கடமலைக்குண்டில் கிராமச் சுகாதார நர்ஸுகளுக்கு நடத்தினேன். "எங்க பக்கம் லேப் கெடையாது அக்கா. கிரியாட்டினினுக்கு எங்கன போறது?" என்று கேட்டார்கள். ஆனால் கர்ப்பிணிகளுக்குச் சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றிச் சூடுகாட்டிப் புரதம் பார்ப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. "அதையே சர்க்கரைக்காரவுகளுக்கும் பிரஷர்காரவுகளுக்கும் பாருங்க. கலங்குனா அனுப்புங்க," என்றேன். செய்து காட்டுவதற்கு அவர்களுடைய சிறுநீரையே கொண்டுவரச் சொன்னேன். விளையாட்டாகக் கொண்டுவந்தார்கள். சூடுகாட்டியதும் ஒருத்தியுடையது மட்டும் பால் போலக் கலங்கியது. அசிட்டிக் அமிலம் விட்டும் தெளியவில்லை, புரதம்தான்.

அவள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தக் கொதிப்பைப் பார்த்தேன். மிக அதிகம். அவளுக்கு அதுவரை தெரியாது.

"பயப்படாத. சீக்கிரமாத் தெரிஞ்சுருக்கு. மருந்து சாப்புட்டா வருசக் கணக்குல தள்ளலாம். நாளைக்கே வா, டாக்டரப் பாப்போம்," என்றேன். வந்தாள். மருந்தை விடாமல் சாப்பிட்டாள், உப்பைக் குறைத்தாள்.

இரண்டு வருடம் கழித்துத் தேனி பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். கிரியாட்டினின் ஏறவில்லையாம். புரதம் போவதும் குறைந்திருக்கிறதாம். அதைச் சொல்லி முடித்துவிட்டு, "அக்கா, மயிலாடும்பாறைப் பக்கம் அடுத்த கிளாஸ நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"எடு," என்றேன். "நான் வந்து கேக்குறவுகளோட உக்காந்துக்கிறேன்."