மாறி ஒட்டிய லேபல்கள்

மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது ரஞ்சி அக்காவின் அழைப்பு வந்தது. "வாணி, கொண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார்." மாரடைப்பாம். கையிலிருந்த பையை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. 'கொண்ணை', உன் அண்ணன், என்று அக்கா சொன்னது தன் கணவர் குகதாசன் அண்ணையை; மின்பொறியியல் துறையில் என்னோடு ஒரே ஆய்வுகூடத்தில் வேலைசெய்தவர். அவரை அறிந்து இந்த நினைவுமலரை வாசிக்கும் உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆலைகளில் ஓடும் மோட்டருக்கு மூன்று ஃபேஸ், அதாவது மின்சாரம் வரும் மூன்று தனி வழிகள். ஒன்று அறுந்தால் உறுமி, சூடேறி, சுருள் கருகிவிடும். எங்கள் மோட்டருக்கு ஐந்து. ஒன்றிரண்டு அறுந்தாலும், மீதிக்குப் போகும் மின்னோட்டத்தை உடனே மாற்றி அதை ஓடவைப்பதுதான் எங்கள் ஆய்வு. கணினி வரையும் வளைகோடுகளில் அண்ணைக்கு நம்பிக்கை கிடையாது. "உது படம். சுவிட்சை நிப்பாட்டிப் போட்டு, மோட்டர் என்ன கதைக்குதெண்டு கேள்" என்பார். சோதனைப் பலகையில் ஃபேஸுக்கு ஒரு சுவிட்ச். ஓடிக்கொண்டிருக்கும்போதே வெடுக்கென்று ஒன்றை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்தபடி நிற்பார். நான் இரண்டடி பின்வாங்குவேன், அவருக்குச் சிரிப்பு வரும்.

பக்கத்துப் பக்கத்து ஃபேஸ் இரண்டும் போவதுதான் ஆகக் கடினம். அப்போதும் எங்கள் மோட்டர் நடுங்காமல் ஓடியது. கட்டுரை எழுதினோம், ஆய்விதழ் ஒன்றில் ஏற்றுக்கொண்டார்கள். பேராசிரியர் பதவிக்கு அவருக்குக் குறைந்திருந்தது அந்த ஒரு கட்டுரைதான். துறையில் எல்லோரும் கைலாகு கொடுத்து வாழ்த்தினார்கள். ரஞ்சி அக்கா மோதகம் அவித்து அனுப்பினார்.

கட்டுரை அச்சேறுமுன் ஒருநாள், பலகையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். இரண்டாம், மூன்றாம் சுவிட்சுகளின் லேபல்கள் மாறி ஒட்டப்பட்டிருந்தன. ஒட்டியதும் அவரேதான். முதலாவதையும் இரண்டாவதையும் நிறுத்தினோம் என்று நாங்கள் எழுதியது உண்மையில் முதலாவதும் மூன்றாவதும். இப்போது சரியான இரண்டையும் நிறுத்தினார். மோட்டர் மேசையோடு சேர்ந்து நடுங்கியது.

"ஒரு லேபல் ஒட்டத் தெரியாட்டி என்னட்டைத் தந்திருக்கலாமே!" என்று கத்தினேன். அந்தக் கட்டுரையில் என் உழைப்பும் இருந்ததல்லவா?

"ஓம் பிள்ளை, பேசு. பேசி முடிச்சிட்டு வா, கட்டுரையைத் திருப்பி எடுப்பம்."

"அப்ப உங்கடை பதவி?"

"அதை வாங்கிக்கொண்டு வந்து உந்த மோட்டருக்கு முன்னாலை என்னெண்டு நிக்கிறது?"

அன்றே ஆய்விதழின் ஆசிரியர் குழுவுக்கு எழுதினார். அதன்பின் இறந்த கிழமைவரை அந்த நடுக்கத்தோடுதான் மல்லுக்கட்டினார். தீரவில்லை. பதவியும் வரவில்லை.

செத்தவீட்டுக்குத் துறை நண்பர்கள் கொண்டுவந்த பதாகையில் அண்ணையின் பெயருக்கு முன் 'பேராசிரியர்' என்று அச்சிட்டிருந்தார்கள். அன்பில் செய்ததுதான். பார்த்தபோது எனக்கும் மனம் ஆறியது. ரஞ்சி அக்கா அழுதழுது வீங்கிய முகத்தோடு வெளியே வந்து அதை வாசித்தார்.

"தம்பிமார், கோவிக்காதேங்கோ. உதைக் கழட்டுங்கோ. அவர் பேராசிரியர் இல்லை. உது நிண்டால் அவருக்குத்தான் வெக்கம்."

கழற்றினோம்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாள் ஆய்வுகூடத்துக்குப் போய் மோட்டரை ஓடவிட்டு, பக்கத்துப் பக்கத்து ஃபேஸ் இரண்டையும் நிறுத்தினேன். இன்னும் நடுங்குகிறது. அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நடுக்கம்தான். அதை நிறுத்த என்னால் முடியுமோ தெரியாது. முடியாவிட்டால், நடுங்குகிறது என்றே எழுதுவேன்.