கழுத்துக்கு மேலே

அந்த வீடியோ கசற் இன்றும் என் அலுமாரியில், சட்டை வெட்டும் கடதாசியில் சுற்றியபடியே இருக்கிறது. கோப்பாயில் நாங்கள் நான்கு பெண்கள் நடத்திய உடுப்பு அலங்காரச் சஞ்சிகையைப் பற்றிய படம் அது. கலியாண வீடுகளில் வீடியோ எடுக்கும் அண்ணை ஒருவர், சண்டையால் கலியாணங்கள் குறைந்திருந்த ஒரு மாதத்தில் எடுத்துத் தந்தது.

எங்கள் சஞ்சிகையில் முகமே வராது. குமர்ப்பிள்ளைகளின் முகம் ஊரெல்லாம் போகக்கூடாது என்று பெற்றோர் சொல்லிவிடுவதால், படங்களைக் கழுத்தோடு வெட்டித்தான் அச்சுக்குக் கொடுப்போம். ஆசிரியர் அக்காவுக்கு அதில் தீராத எரிச்சல். "முண்டங்களுக்கே நாங்கள் உடுப்புத் தைக்கிறம்?" என்பார். அதனால் படம் எடுத்த அன்று கமராவுக்குப் பக்கத்திலேயே நின்று, எங்கள் மூவரையும் நேரே பார்க்கவைத்தார். கலியாண வீட்டில் சொந்தக்காரரை அறிமுகப்படுத்துவதுபோல, "பேர் மட்டும் போதுமே? ஊரையும் சொல்லு பிள்ளை" என்றார். நான் உடுப்பிட்டி என்றேன். மெஷினில் இருந்து தைப்பவள் சிரித்துக்கொண்டே கொழும்புத்துறை என்றாள்.

இரண்டு கிழமையில் அவளுடைய அண்ணை, தான் இருந்த ஆயுத இயக்கத்தை விட்டு ஓடிவிட்டார். அவருடைய தங்கை எங்களோடு வேலை செய்கிறாள் என்பதற்குமேல் அவரைத் தேடிய இயக்கத்தாருக்கு ஒன்றும் தெரியாது. படத்தைப் பார்த்தால் போதும்: அண்ணையை உரித்துவைத்த முகம், கூடவே ஊர்.

ஒரு காலையில் அந்த இயக்கத்துப் பொடியங்கள் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். நாங்கள் இன்னும் வேலைக்கு வந்திருக்கவில்லை. "கசற்றை ஒருக்கால் தாங்கோ அக்கா, பாத்திட்டுத் தாறம்." எவ்வளவு மரியாதையான குரல் என்று அக்கா பிறகு எங்களிடம் சொன்னார். பின்னேரம் வரச்சொல்லி அவர்களை அனுப்பியிருந்தார். தைப்பவளைக் குடும்பத்தோடு உடனே ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்னார். கசற்றைக் கடதாசியில் சுற்றி என் சைக்கிள் கூடைக்குள் வைத்தார். "உது அவளின்ரை உயிர். ஒருத்தரிட்டையும் குடாதை."

பின்னேரம் நடந்ததைப் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் அறிந்தேன். "அதுக்கு மேலை வேறை படம் பிடிச்சாச்சு, தம்பி" என்றாராம் அக்கா. "அப்ப நீங்கள் வாங்கோ அக்கா. ஒரு சின்ன விசாரணைதான்" என்றார்களாம் பொடியங்கள். தையல் மெஷினை மூடிவிட்டுப் போனாராம். திரும்பி வரவேயில்லை. கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்று சிலவேளை அவர்மேல் கோபம் வருகிறது. பிறகு என்னை நினைத்தே வெட்கப்படுகிறேன். தைப்பவளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள்.

அக்காவின் புகைப்படம் ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டு அவள் போன வருடம் தொலைபேசியில் அழுதாள். கசற்றைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் மூவருடைய முகங்களும் தெளிவாக இருக்கின்றன. அக்கா ஓரிடத்திலும் இல்லை. கமராவுக்குப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் கேட்கிறது: "ஊரையும் சொல்லு பிள்ளை."

திரையில் அவள் சிரித்துக்கொண்டு வாய் திறக்குமுன் நிறுத்திவிட்டேன்.