வாசற்படிச் சடை

கேஸ் அடுப்பை அடைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். இந்த வியாதி எப்போது பிடித்தது என்று கேட்டால், குடும்பக் கோர்ட்டில் ஒரு வக்கீலம்மா எனக்குப் பிஸ்கட் நீட்டிய அன்றைக்கு என்பேன்.

அப்பா தம்பானூரில் பரோட்டா மாஸ்டர். அவரும் அம்மாவும் பிரிந்தபின், நான் யாரிடம் இருப்பது என்பதுதான் வழக்கு. தீர்ப்புக்கு முன்னால் பேசிப் பார்க்கட்டும் என்று ஜட்ஜ் எங்களைச் சமரச அறைக்கு அனுப்பியிருந்தார். பஸ்ஸிலேயே அம்மா சொல்லிவிட்டாள்: "அங்க அப்பாவப் பத்தி ஒண்ணும் வாயத் தெறக்காத, கேட்டியா?"

சமரசம் பேசும் வக்கீலம்மா அப்பா, அம்மாவை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எங்கள் வீட்டில் கதவைச் சாத்திப் பேசினால் மறுநாள் ஏதாவது காணாமல் போயிருக்கும். ஒருதடவை அம்மாவின் சங்கிலி, ஒருதடவை டிவி. இந்தத் தடவை நான்தான் என்று முடிவு செய்துகொண்டேன். அப்பா உள்ளே இருந்தபோது சிரிப்புச் சத்தம் கேட்டது. கோர்ட்டில் என்ன சிரிப்பு? அம்மா போனபோது வெகுநேரம் சத்தமே இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு என் முறை. "பேடிக்கண்டா மோளே," என்று மலையாளத்தில் சொல்லிப் பிஸ்கட் தட்டைத் தள்ளினார். பயப்படாதே என்கிறவர்களிடம்தான் பயப்பட வேண்டும். யாரிடம் இருக்க ஆசை என்று கேட்பார், அழுதுவிடலாம் என்று தயாராக இருந்தேன். அவரோ அவிழ்ந்து தொங்கிய என் சடையைத் தொட்டுப் பார்த்தார். "இதாரு பின்னினது? அப்பிடியே அழிஞ்சு கிடக்குந்நல்லோ."

நான் வாயைத் திறக்கவில்லை. அது அம்மா பின்னியது. அதுவரை தினமும் பின்னிவிட்டது அப்பா. மாவை வீசி அடிக்கிற கை. அவர் பின்னினால் சாயங்காலம்வரை ஒரு முடி நகராது.

கடைசியில் எல்லோரையும் உட்காரவைத்து முடிவைச் சொன்னார். நான் அம்மாவிடமே இருப்பேன். ஆனால் பள்ளி உள்ள நாளெல்லாம் காலையில் அப்பா வந்து தலை பின்னிவிடுவார். வாசற்படியோடு சரி, உள்ளே வரக் கூடாது. இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அவ்வளவு சண்டை போட்டவர்கள் இவ்வளவு சீக்கிரம் தலையாட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? சடையைச் சாக்கு வைத்து அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் வந்தார். கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

"ஏட்டி, அனங்காம இரி. நெலைய எதுக்குப் பிடிச்சிருக்க, வீடு ஓடியா போவுது?"

"வக்கீலம்மாகிட்ட நீங்கதான சடையப் பத்திச் சொன்னிய?"

"நான் எங்கட்டி சொன்னேன்? ஒங்கம்மைதான் சொல்லியிருக்கா. அவரு பின்னினாத்தான் நிக்கும்னாளாம்."

நான் நம்பவில்லை. அம்மா அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை.

அம்மா சீப்பையும் ரிப்பனையும் படியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பக்கத்தில் ஒரு தம்ளர் பால் விடாத கட்டன்சாயா இருக்கும். அதையும் நான் விடவில்லை. அப்பா கைக்குப் போகுமுன் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சர்க்கரையே இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஓ, அம்மா இப்படித்தான் பழி தீர்க்கிறாள் என்று கண்டுபிடித்துவிட்டேன். அதை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிக்கிறாரே, இந்த அப்பாவுக்கு ரோஷமே கிடையாதா என்று எரிச்சலாக வரும்.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்தவள் அடுப்படியில் இருந்தாள்.