முன்னால் நிற்கும் பெயர்

மகள் பிறந்து பத்தாம் நாள் மனைவியின் அண்ணன் இத்தாலியிலிருந்து ஒரு பெயர்ப்பட்டியல் அனுப்பினார். நாங்கள் கேட்கவில்லை. இருபது வருடமாக அங்கே இருப்பவர், தன் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சுத்தமான தமிழ்ப் பெயர் வைத்துவிட்டு எங்களுக்கு இத்தாலியப் பெயர்களைச் சிபாரிசு செய்தார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், வீட்டில் எப்படிச் சுருக்கிக் கூப்பிடலாம் என்றும் எழுதியிருந்தார்.

மனைவி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளவத்தையில் கடல் பக்கத்துத் தொடர்மாடி வீடு எங்களுடையது. ரயில் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டுத் தொடர வேண்டும். அப்படி நிறுத்தி நிறுத்திப் பட்டியலை வாசித்தேன்.

“எலியானா. சுருக்கமா எலி எண்டு போட்டிருக்கிறார்.”

“அண்ணாவுக்குத் தமிழ் மறந்து போச்சு,” என்றாள்.

அவளுக்கு அந்தப் பட்டியல் வேடிக்கை. நானும் சிரித்தேன். ஆனால் சிரித்துவிட்டு அதைத் திரும்ப முதலிலிருந்து வாசித்தேன். வேலைக்குப் போகும் பஸ்ஸிலும் வாசித்தேன். இரண்டு நாளில் பட்டியல் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

காரணம் என் பெயர். முருகனின் பெயர் ஒன்றும், அப்பாவின் ஊர்க்கோயிலில் அந்த முருகனை அழைக்கும் பெயரும் சேர்ந்து, பஸ்ஸின் கடைசி ஆசனம் மாதிரி நீண்டு கிடக்கும். யுத்தகாலத்தில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிருலப்பனையில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லாரும் அடையாள அட்டையை நீட்டினோம். என்னுடையதை வாங்கிய சிப்பாய்க்கு என் வயதுதான் இருக்கும். பெயரை வாசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்தான். அதுவரை தூக்கக் கலக்கமாக இருந்த முகம் மாறிவிட்டது. இறங்கச் சொன்னான். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. அடிக்கவில்லை, ஏசவில்லை. சோற்றுப் பார்சலோடு இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றேன். பிறகு போகச் சொன்னார்கள். எத்தனையோ பேர் பட்டதற்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த முகம் மாறிய விதம் எனக்குள் அப்படியே இருக்கிறது.

இப்போது சாவடி இல்லை. ஆனால் வங்கியிலோ மருந்தகத்திலோ என் பெயரைக் கூப்பிடுகிறவர்கள் நடுவில் மூச்சு வாங்குவார்கள். அந்த நேரம் நான் அவர்களுடைய முகத்தைத்தான் பார்ப்பேன். மாறுகிறதா என்று பார்ப்பேன். மாறாவிட்டாலும் பார்ப்பேன்.

எனக்கு நாற்பது வயதைத் தாண்டிப் பிறந்த முதல் பிள்ளை. அவள் இப்படி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வளரக்கூடாது. அவளுடைய பெயரை யார் வாசித்தாலும் தடங்காமல் வாசித்து, தலையைத் தூக்காமல் அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். மச்சானின் பட்டியல் அதற்கென்றே வந்தது போலிருந்தது. அந்தப் பெயர்கள் ‘ஆ’ என்று முடிந்தன. சிங்களப் பிள்ளைக்கும் வைக்கலாம், தமிழ்ப் பிள்ளைக்கும் வைக்கலாம், யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்று கணக்குப் போட்டேன்.

இதை மனைவியிடம் சொன்னேன். ஹெவ்லொக் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். பெயர்கள் அவளுக்குப் புதிதில்லை.

“எனக்கு வாய் நிறையக் கூப்பிட ஒரு தமிழ்ப் பேர் இருந்தாக் காணும்,” என்றாள். “நீங்கள் பயத்தில பேர் தேடுறீங்கள்.”

“பயமில்லை. பிள்ளைக்கு லேசா இருக்கட்டும் எண்டு பாக்கிறன்.”

பயமா, லேசா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி கொட்டாஞ்சேனை, கத்தோலிக்கர். அவளிடம் பட்டியலைக் காட்டினேன். லூச்சியா, ஆஞ்சலா, ரோசா என்று வாசித்துக்கொண்டு போனவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

“இதுவா இத்தாலி? எங்க கோயில் வாசல்ல நின்னு லூசியான்னு ஒருக்கா கூப்பிட்டுப் பாருங்க, பத்து ஆன்ட்டி திரும்பிப் பாப்பாங்க. எங்க பெரியம்மா ஏஞ்சலாதான். மீன் வாங்கப் போனா சந்தையே அதிரும்.”

எனக்கு முகம் விழுந்துவிட்டது. இருந்தாலும் விடாமல் கேட்டேன், அந்தக் காலத்தில் இப்படிப் பெயர் உள்ளவர்களுக்குச் சாவடியில் கரைச்சல் குறைவாகத்தானே இருந்திருக்கும் என்று.

“பேர வச்சு ஒண்ணும் தெரியாதுதான்,” என்றாள். “வாயத் தொறந்தேன், தெரிஞ்சிருச்சு. என்னையும் இறக்கி நிக்க வச்சாங்க.”

சிரிப்பு நின்று, அவள் கணினிப் பக்கம் திரும்பிவிட்டாள். என் கணக்கு அந்த இடத்திலேயே உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை. அவளுடைய பெயர் பழையது, என் மகளுக்குப் புதியதாகப் பார்த்து வைத்தால் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழம்பிப்போன மனிதன் எதையும் தனக்குச் சாதகமாகத்தான் கேட்பான்.

அடுத்தது எழுத்து. எங்கள் வீடுகளில் பிள்ளை பிறந்த நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தில்தான் பெயர் தொடங்க வேண்டும். மகள் உத்தரம். சாத்திரியார் நான்கு எழுத்துகளை மனைவியின் கைத்தொலைபேசிக்கு அனுப்பியிருந்தார். டே, டோ, ப, பி.

“டே எண்டு தொடங்கினா பிள்ளையை நாள் முழுக்க அதட்டுற மாதிரி இருக்கும்,” என்றாள்.

பட்டியலில் பி என்று தொடங்கும் பெயர் ஒன்றே ஒன்று இருந்தது. வெள்ளை என்று அர்த்தமாம். அந்தப் பெயரை முழுதாக இங்கே எழுதவில்லை, வளர்ந்து வாசித்தால் என்னோடு சண்டைக்கு வருவாள். மச்சான் பக்கத்தில் எழுதியிருந்த செல்லப்பெயர் மட்டும் சொல்கிறேன். பியா. மனைவி குசினிக்குள் போய், அங்கிருந்து “பியா” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு பால்கனியிலிருந்து கூப்பிட்டாள். ரயில் போகும்போதும் ஒரு தரம் கூப்பிட்டாள்.

“கூப்பிட நல்லாத்தான் இருக்கு,” என்றாள். அவ்வளவுதான் சம்மதம். சாத்திரியாரின் எழுத்தும் வந்தது, என் லேசான பெயரும் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

முப்பத்தோராம் நாள், பிள்ளை பிறந்த தீட்டைப் போக்கும் துடக்குக் கழிவுக்குச் சொந்தக்காரர் வந்தார்கள். பெயரைக் கேட்ட என் பெரியப்பா, வடையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “காய்ச்சலுக்குக் குடுக்கிற பாணி மருந்து மாதிரிக் கிடக்குது,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் மனதுக்குள், நீங்கள் சிரியுங்கள், ஒருநாள் இவளை ஒருத்தரும் பஸ்ஸால் இறக்கமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த கிழமை பிறப்பைப் பதியப் போனோம். குழந்தை மனைவியின் மடியில் தூங்கியது. பதிவாளர் ஒரு சிங்களப் பெண், மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. பிள்ளையின் பெயர் எழுதும் கட்டத்தில் நான் மகளின் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். அவர் அதை ஒரே மூச்சில் வாசித்தார். தடங்கவில்லை, தலையைத் தூக்கவில்லை. எனக்குள் குளிர்ந்தது. பிறகு பேனையால் அந்தப் பெயருக்கு முன்னால் இருந்த வெறும் இடத்தைத் தட்டினார்.

“தாத்தாகே நம இஸ்ஸரஹின் தானவாத?”

அப்பாவின் பெயரை முன்னால் போடுவதா என்று கேட்டார். உங்கள் ஆட்கள் அப்படித்தானே எழுதுவார்கள் என்று சேர்த்துக்கொண்டார்.

அப்படித்தான் எழுதுவோம். எங்களில் பிள்ளையின் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயர் நிற்கும். பள்ளிக்கூட வரவு இடாப்பில், அடையாள அட்டையில், கடவுச்சீட்டில், எல்லாவற்றிலும் முதலில் அதுதான். இதை நான் பிறந்த நாளிலிருந்து அறிவேன். அப்படியிருந்தும் நாள்கணக்காக இத்தாலி முழுக்கப் பெயர் தேடிய எனக்கு இது ஞாபகத்துக்கு வரவில்லை. என்ன லேசான பெயரை வைத்தாலும், வாசிக்கிறவர் முதலில் என்னில் வந்துதான் தடங்குவார். நான் யாரிடமிருந்து இவளைக் காப்பாற்றப் பார்த்தேன் என்று அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் விளங்கியது.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன், போடாமல் விடலாமா என்று. விடலாம், உங்கள் விருப்பம் என்றார் பதிவாளர். பேனையை என் பக்கம் வைத்தார்.

மனைவி சிங்களம் நன்றாகப் பேசுவாள். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கலியாணத்துக்கு முதல் என்ர பேருக்கு முன்னால எங்கட அப்பான்ர பேர். மூண்டே எழுத்து,” என்றாள் தமிழில், மெதுவாக. “அதை விட்டுட்டு ஏழு வருசமா உங்கட பேரை எழுதுறன். பள்ளிக்கூடத்தில நாப்பது பிள்ளையள் ஒவ்வொரு நாளும் அந்தப் பேரைச் சொல்லித்தான் எனக்கு குட் மோர்னிங் சொல்லுதுகள். எனக்கு ஒரு லேசான பேர் தேட வேணும் எண்டு உங்களுக்கு ஒருநாளும் தோணேல்லையே.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை.

“பாரமா இருந்ததோ?” என்று கேட்டேன். ஏழு வருடத்தில் முதல்முறையாகக் கேட்டேன்.

“பிள்ளையைப் பிடியுங்கோ,” என்றாள்.

குழந்தையை என் கையில் தந்துவிட்டுப் பேனையை எடுத்தாள். அந்த வெறும் இடத்தில் என் பெயரை எழுதினாள். நான் எழுதும்போது நடுவில் ஒரு தரம் கையை எடுப்பேன். அவள் எடுக்கவில்லை, ஒரே ஓட்டத்தில் முடித்தாள். ஒரு நாளில் எத்தனை பிள்ளைகளின் கொப்பிகளில், எத்தனை அறிக்கைகளில் இப்படி எழுதியிருப்பாள் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

பதிவாளர் சரிபார்க்கச் சத்தமாக வாசித்தார். என் பெயரின் நடுவில், எல்லாரும் நிற்கும் அதே இடத்தில், நின்றார். பழக்கதோஷத்தில் நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்க்காமல் முன்னால் சாய்ந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல, என் பெயரை இரண்டாக உடைத்துச் சொல்லிக்கொடுத்தாள். பதிவாளர் திரும்பச் சொன்னார். பிழை. அவள் இன்னொரு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் பெயர் முழுதாக வந்தது, பின்னாலேயே மகளின் பெயரும் வந்தது. “ஹரித?”, சரிதானா என்று கேட்டார். சரி என்றாள் மனைவி.

இத்தனை வயதுக்கு நான் அந்தப் பெயரை ஒருவருக்கும் அப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை.