பஸ் திரும்பாத வளைவு

தம்பானூரில் ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. வாசலில் பித்தளைப் பலகை: கன்சல்ட்டிங் என்ஜினியர்ஸ். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. நாட்டின் வளர்ச்சிக்கு வழி சொல்லும் பொறியாளர்கள் எல்லோரும் மூச்சு வாங்கப் படியேறி வந்து, நாற்காலியில் விழுந்து, முதலில் தண்ணீர் கேட்பார்கள். அந்த லிஃப்டை என்ன செய்யலாம் என்று ஒருவரும் யோசித்ததில்லை. யோசிக்கச் சொல்லி யாரும் எங்களுக்கு ஃபீஸ் தரவில்லை.

நான் நாகர்கோவில்காரி. காலை ரயிலில் மாநில எல்லை தாண்டி மலையாளத் தலைநகருக்கு வந்து மாலை ரயிலில் திரும்புவேன். சிவில் படித்தபோது ஆலோசனைப் பொறியாளர் என்ற பெயரில் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. கட்டுகிற கான்ட்ராக்டருக்கு லாபம் முக்கியம், கட்டச் சொல்லும் அரசாங்கத்துக்கு அடுத்த தேர்தல் முக்கியம். நடுவே இரண்டு பக்கமும் சாயாத ஒருவர் உட்கார்ந்து, இந்த மண்ணுக்கு இது தாங்கும், இந்த ஊருக்கு இது போதும் என்று சொல்ல வேண்டும். பணம் குறைவாகவும் தேவை அதிகமாகவும் உள்ள ஒரு நாட்டுக்கு இதைவிட உபயோகமான தொழில் உண்டா என்று நினைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அந்த மயக்கம் தெளிந்துவிட்டது.

எங்கள் முதலாளி அரசுத் துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவராகத்தில், தமிழ் அக்ரஹாரத்துப் பக்கம், வீடு. ஆபீஸில் மலையாளமும் இங்கிலீஷும் பேசுவார், என்னிடம் மட்டும் வீட்டுத் தமிழ். ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் படிக்கமாட்டார். கையில் வாங்கி, சந்தையில் பூசணிக்காய் வாங்குகிறவர் மாதிரி ஏற்றி இறக்கிப் பார்ப்பார். "இன்னும் கொஞ்சம் கனம் வேணும்மா. வாங்கறவாளுக்குக் கை நிறையணுமோல்லியோ?" என்பார்.

பொன்முடி போகும் பாதையிலிருந்து பிரிந்து ஒரு எஸ்டேட்டுக்குப் போகும் சாலை பற்றிய வேலை அப்போது வந்தது. அந்தச் சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பாது. ஜீப்பும் ஆட்டோவும் திரும்பும். அதனால் தேயிலை பறிக்கிறவர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் பஸ் கிடையாது. ஆஸ்பத்திரிக்கோ ரேஷனுக்கோ போக வேண்டுமென்றால் கீழே மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். என்ன செய்யலாம் என்று ஆய்வு செய்து சொல்லும்படி அரசு எங்களைக் கேட்டது.

நான் போய்ப் பார்த்தேன். வளைவின் உள்பக்கப் பாறையில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மூன்று நிறத்தில் சர்வே குறிகள் இருந்தன. எங்களுக்கு முன்னால் மூன்று கன்சல்ட்டண்டுகள் வந்து போயிருக்கிறார்கள். ரோட்டோரத்தில் அடித்திருந்த ஆப்புகளுக்கு நடுவே கயிறு கட்டி யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். நான் டேப்பை விரித்ததும் ஓர் அக்கா வந்து துணிகளை எடுக்க ஆரம்பித்தார். பேச்சில் தெற்கத்தித் தமிழும் மலையாளமும் கலந்திருந்தன.

"இருக்கட்டும்க்கா, காயட்டும்," என்றேன்.

"இல்ல மேடம், பெயின்ட் தெறிக்கும். போன தடவை வந்தவங்க எம் மவ பாவாடையில மஞ்சள அடிச்சிட்டுப் போயிட்டாங்க. நீங்க என்ன கலரு?"

நான் கலர் எதுவும் கொண்டுவரவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. பெயின்ட் இல்லாத என்ஜினியரை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை போலிருந்தது. முகத்தில் எதிர்பார்ப்பும் இல்லை, கோபமும் இல்லை. துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் என் தொழிலின் லட்சணம் எனக்கு முழுசாக உறைத்தது. எங்களைக் கண்டால் இவர்கள் பத்திரப்படுத்த வேண்டியது பாவாடையைத்தான்.

வேலை சின்னதுதான். உள்பக்கப் பாறையைக் கொஞ்சம் வெட்ட வேண்டும். பள்ளத்துப் பக்கம் மண் சரியாமல் ஒரு தாங்குசுவர். மலையிலிருந்து வரும் தண்ணீர் ரோட்டை அரிக்காமல் அடியில் போக ஒரு சின்னக் கலுங்கு. அடுத்த மழைக்குள் முடித்துவிடலாம். படம் வரைந்து, கணக்குப் போட்டு, மெலிதான ஒரு ரிப்போர்ட்டாக முதலாளியிடம் கொடுத்தேன்.

வாங்கி ஏற்றி இறக்கினார். முகம் வாடிப்போயிற்று.

"என்னம்மா இது, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு?"

"வேலை அவ்வளவுதான் சார். வளைவைச் சரிபண்ணினா பஸ் போயிடும்."

"போயிடும். அப்பறம்? நாம எங்க போறது? இதுக்கு ரெண்டாம் கட்டம்னு ஒண்ணு வேணுமே. டெல்லிலேர்ந்து ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கேன். வெளிநாட்டுல படிச்சவர். அவர் கை பட்டா எல்லாம் சரியாயிடும்."

டெல்லி நிபுணர் வந்தார். கறுப்புக் கண்ணாடி, அகலமான கார். மலை ஏறுகையில் பத்தாவது வளைவிலோ என்னவோ எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கி முகர ஆரம்பித்தார். எங்கள் வளைவுக்கு வந்தபோது அவருடைய கார் திரும்பவில்லை. இறங்கிப் பார்ப்பார் என்று நினைத்தேன். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, போனில் ஒரு படம் எடுத்து, "பியூட்டிஃபுல்," என்று சொல்லி, டிரைவரைப் பின்னால் எடுக்கச் சொன்னார். ஆய்வு முடிந்தது.

அவர் கை பட்ட ரிப்போர்ட்டை இரண்டு கையாலும்தான் தூக்க முடிந்தது. என்னுடைய வளைவு அதில் பின்னிணைப்பாகப் போயிருந்தது. முன்னால் ரோப் கார், கண்ணாடித் தரை போட்ட பார்வை மேடை, செல்ஃபி எடுக்கத் தோதான வரவேற்பு வளாகம். லயத்து ஜனங்கள் இரண்டு வரியில் வந்தார்கள்: உள்ளூர்க் கலாச்சாரத்தைப் பயணிகளுக்குக் காட்ட உதவுவார்கள் என்று. பராமரிப்பு அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் கண்ணில் பட்டது. குளிர்காலத்தில் சாலையில் உறையும் பனியை அகற்ற இயந்திரங்கள் வாங்க வேண்டும் என்றிருந்தது. இமயமலைப் பக்கம் எதற்கோ எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார். ஊர்ப் பேரை மட்டும் மாற்றியிருந்தார்.

முதலாளியிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"யாரும்மா படிக்கப் போறா?" என்றார்.

ஆனால் ஒருவர் படித்தார். ரிப்போர்ட்டைத் துறைச் செயலாளர் முன்னால் சமர்ப்பிக்கும் கூட்டத்துக்கு அந்தப் பகுதியின் பஞ்சாயத்து மெம்பரையும் அழைத்திருந்தார்கள். நடுத்தர வயதுப் பெண்மணி. மலையாளச் சுருக்கத்தை வரிவரியாகப் படித்துவிட்டு வந்திருந்தார். டெல்லிக்காரர் திரையில் ரோப் காரை ஓட்டிக் காட்டி முடித்ததும் அவர் எழுந்து, "சாரே, இந்த மஞ்ஞு மாற்றுகிற யந்திரம் எதுக்கு?" என்று மலையாளத்தில் கேட்டார்.

டெல்லிக்காரருக்கு மலையாளம் தெரியாது. முதலாளி மலையாளத்திலேயே முந்திக்கொண்டார்.

"ஏன், பொன்முடியில மஞ்ஞு இல்லையா? காலம்பற எதிர்ல வர்ற வண்டி தெரியுமோ?"

தமிழில் பனி என்றால் காலையில் கண்ணை மறைப்பதும் அதுதான், காஷ்மீரில் கொட்டுவதும் அதுதான். மலையாளத்து மஞ்ஞுவும் அப்படியே. ரோட்டில் உறைந்த பனியை வாரித் தள்ளும் வண்டி ஒரு நொடியில் மூடுபனியைக் கலைக்கும் இயந்திரமாகிவிட்டது. கூட்டத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஓர் அதிகாரி, "உண்மைதான், போன மாசம் நானே மாட்டிக்கொண்டேன்," என்றார். செயலாளர், சுற்றுலாப் பயணிகளின் பாதுகாப்பில் சமரசம் கூடாது என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

எனக்குத் தாங்கவில்லை. எழுந்து செயலாளரிடம் மலையாளத்தில் சொன்னேன்.

"சார், இங்கிலீஷ் ரிப்போர்ட்டில் இருப்பது ஸ்னோ. மூடுபனி இல்லை. வேறெங்கோ எழுதியதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இந்த ஊருக்கு வேண்டியது ஒரு வளைவை அகலப்படுத்துவது. அது பின்னிணைப்பில் இருக்கிறது. அதை மட்டும் பாருங்கள்."

டெல்லிக்காரர் என்னவென்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, கொஞ்சமும் அசராமல், பருவநிலை மாறிவரும் காலத்தில் எதற்கும் தயாராக இருப்பதுதான் நல்ல திட்டமிடல் என்றார். செயலாளர் அதற்கும் தலையாட்டினார். சிறு திருத்தங்களை இறுதிப் பிரதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி ரிப்போர்ட்டை ஏற்றுக்கொண்டார். கை தட்டினார்கள். மெம்பர் தட்டவில்லை.

வராந்தாவில் முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். "நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டியே! உனக்கு என்ன குறை வெச்சேன்?"

"பனி பெய்யாத ஊருக்குப் பனி வண்டி வாங்கச் சொல்றோமே சார், அதுல போகாத மானமா?"

"வாங்க மாட்டா. அதெல்லாம் ஒரு நாளும் வாங்க மாட்டா. உனக்கு ஏன் இது புரியலை?"

அவர் சொன்னது உண்மை. ரோப் காரும் வராது, கண்ணாடி மேடையும் வராது என்று அவருக்கு அன்றே தெரியும். எதுவும் வராத ஒரு காகிதத்தைச் செய்வதுதான் எங்கள் தொழில், அதை நம்பிக் கோபப்படுகிற நான்தான் அசடு. மறுநாள் நான் ஆபீஸுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

கூப்பிட்டது மெம்பர். என் நம்பரை எப்படியோ தேடிப் பிடித்திருந்தார். "அந்த வளைவுக்கு என்ன வேணும்னு எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க," என்றார். படங்களை எடுத்துக்கொண்டு இருவருமாக அந்தப் பகுதிச் சாலைகளைக் கவனிக்கும் உதவிப் பொறியாளரைப் பார்க்கப் போனோம். பதவி உயர்வுக்குக் காத்துக் காத்து அலுத்துப்போன மனுஷன். படத்தைப் புரட்டினார், காதைக் குடைந்தார், என் கணக்கில் ஓர் இடத்தைச் சந்தேகப்பட்டுக் கேட்டார், பதில் சொன்னதும் ஒப்புக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இதை யாரும் புராஜெக்ட்னு சொல்லாம இருந்தா நான் பண்ணிடுவேன். புராஜெக்ட்னா கன்சல்ட்டண்ட் வேணும். மழைக்கால ரிப்பேர்னு போட்டா யாரும் வேண்டாம்."

இந்த நாட்டில் பொறியியலைப் பற்றி நான் கேட்ட மிகத் தெளிவான வார்த்தை அது. ரிப்பேர் என்றே போட்டார். மெம்பர் துறைக்கும் ஒப்பந்தக்காரருக்கும் நடுவே நடையாக நடந்தார். பாறையை வெட்டிய நாட்களில் நான் கூடவே நின்றேன். சுவர் எழும்பியது, கலுங்கில் தண்ணீர் ஓடியது. மழைக்குப் பிறகு பஸ்ஸை வெள்ளோட்டம் விட்டார்கள். டிரைவர் வளைவுக்கு முன்னால் நிறுத்தி, இறங்கி, சுவரைக் காலால் இரண்டு தரம் உதைத்துப் பார்த்துவிட்டு ஏறி, ஒரே வீச்சில் திருப்பினார். லயத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள். நான் மெம்பரிடம் வெயிலைப் பற்றி ஏதோ பேசினேன்.

சில மாதம் கழித்து நகரத்து ஹோட்டல் ஒன்றில் ஒரு கருத்தரங்கு. வளரும் நாட்டின் முன்னேற்றத்தில் ஆலோசனைப் பொறியாளர்களின் பங்கு என்று தலைப்பு. எனக்கும் அழைப்பு வந்தது, போனேன். முதலாளி மேடையில் பேசினார். தேசத்தின் கண்கள் நாமே என்றார். திரையில் ஒரு படம் விரிந்தது: எங்கள் வளைவு, திரும்புகிற பஸ். ஒருங்கிணைந்த மலைப் போக்குவரத்துத் திட்டத்தின் முதல் கனி என்றார். சபை கை தட்டியது. ரிப்பேர் என்று போட்டவரை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. மெம்பரையும்தான்.

சாப்பாட்டு வரிசையில் முதலாளி தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார். வெட்கமென்று ஒன்று அவருக்கு இருந்ததாகவே தெரியவில்லை.

"கோவமா இருக்கியோ? உன் வளைவுதான், எனக்குத் தெரியாதா? ஆனா சொல்றதுக்கு ஒரு ஆள் வேணுமேம்மா. ரோப் காருக்கு இப்போ சாத்தியக்கூறு ஆய்வு வந்திருக்கு. டெல்லிக்காரர் போன வாரம் போய்ட்டு வந்தார். கார் ஜம்முனு திரும்பித்தாம். லோக்கல்ல அளக்க ஒருத்தர் வேணும். வரியா?"

"வரலை சார்."

"யோசிச்சுச் சொல்லு," என்று சொல்லிவிட்டு அடைப் பிரதமன் பாயசம் இருந்த பக்கம் நகர்ந்தார்.

நான் யோசிக்கவில்லை. இப்போது நாகர்கோவிலில் ஒரு சின்ன அறையில், வீடு கட்டுகிறவர்களுக்கும் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கும் படம் போட்டுக் கொடுக்கிறேன். தம்பானூர் ஆபீஸில் என் மேஜைக்கு வேறொரு பெண் வந்திருக்கிறாளாம். கெட்டிக்காரி என்று சொன்னார்கள். வந்த முதல் வாரமே அவளை எஸ்டேட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அளப்பதற்கு.